அலமாரிக்குள் ஒரு தடாகம்

கோயமுத்தூருக்குப் போகிறவர்கள் மருதமலைக்குப் போவார்கள். சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊரெல்லாம் அதன் புகழைப் பாடுவார்கள். ஆனால் லாலி ரோட்டில், விவசாயப் பல்கலைக் கழக வளாகத்துக்குள், தாமரையையும் அல்லியையும் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னதுண்டா?

வாருங்கள், உள்ளே போவோம். இதற்கு ‘மதராஸ் ஹெர்பேரியம்’ என்று பெயர். 1853-ல் சென்னையில் பிறந்து, பிறகு கோவைக்குக் குடியேறி, 1957 முதல் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. உலர்த்திய செடிகள் ஒட்டிய தாள்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்! அவற்றில் நாம் தேடி வந்தது குளத்துச் செடிகளை.

நிலத்துச் செடியைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் போதும். நீர்ச் செடியின் சமாசாரமே வேறு. வேலம்பாசியைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? கரையேறிய மறு நிமிஷம் ஈரத் துணி மாதிரி சுருண்டுவிடும். ஆகையால் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, செடியை மிதக்க விட்டு, அடியில் காகிதத்தைச் செருகி, இலைகளை ஊசியால் விரித்து, மெள்ள மெள்ளத் தூக்குவார்கள். தண்ணீர் வடியும், செடி காகிதத்தில் படியும். அதன்மேல் மெல்லிய துணி, துணிமேல் மை ஒற்றும் காகிதம். அந்தக் காகிதத்தையும் தினம் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அப்பளம் உலர்த்துவதே இதைவிடச் சுலபம்!

தாளின் மூலையில் ஒரு சிறு சீட்டு இருக்கிறதே, கவனித்தீர்களா? செடியைவிட அதுதான் முக்கியம் என்பேன். பெயர், இடம், தேதி, சேகரித்தவர், அவருடைய வரிசை எண் எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் எத்தனை ஆழம், ஓடிற்றா, தேங்கி நின்றதா, பூ என்ன நிறம் என்பதையும் அங்கேயே எழுதியாக வேண்டும். நீல அல்லியும் வெள்ளை அல்லியும் காய்ந்த பிறகு ஏறக்குறைய ஒரே பழுப்புத்தான்.

வாலிஸ்நீரியா என்று நாடாவைப் போல ஒரு செடி. இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பூக்கள் அடியிலேயே கழன்று, மேலே வந்து மிதந்து, நீண்ட காம்பில் காத்திருக்கும் பெண் பூவைத் தேடிப் போகும். அவசரக்காரர் ஒரே செடியைப் பிடுங்கி வந்தால், மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் படந்தான்! கோவையில் பணிபுரிந்த கே. சுப்ரமண்யம் இத்தகைய நீர்ச் செடிகளைப் பற்றியே 1962-ல் ஆங்கிலத்தில் ஒரு தனி நூல் வெளியிட்டார்.

சரி, பழைய சீட்டு ஒன்றில் இடம் ‘மாம்பலம் ஏரி’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போய்த் தேடுவீர்கள்? 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். பனகல் பார்க்கைச் சுற்றி வந்தால் பட்டுப் புடவை கிடைக்கும், கொட்டிக் கிழங்கு கிடைக்காது. அங்கே என்ன பூத்தது என்பதற்கு அந்தச் சீட்டும் அதனுடன் ஒட்டிய சருகுமே சாட்சி. தூர்க்காத ஏரிக்கும் இவை தேவைப்படும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத் தாமரை மூடுவதற்கு முன் ஒரு குளத்தில் என்னென்ன வளர்ந்தன என்று வேறு யாரிடம் கேட்பது?

உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி விசாரிக்க ஆசையா? ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இங்கே தாள்களை ஊர் வாரியாக அடுக்கவில்லை. செடிகளின் குடும்ப வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டு, குளத்தில் என்ன பூ இருந்தது என்று தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.