மறுபடியும் அஞ்சு கிலோமீட்டர்

இன்னைக்குக் காலைல பெசன்ட் நகர்ல 5 கிலோமீட்டர் ஓடி முடிச்சேன்.
நடுவுல நடக்கல. நிக்கல. ஓடினேன்!

போன வருஷம் குதிகாலுக்கு மேல இருக்கற அக்கிலிஸ் தசைநாண் வீங்கிப் போச்சு. கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கவே சுவரைப் பிடிச்சுக்கணும்.
அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கம்மி. சீக்கிரம் ஆறாது.

என்னைத் தேத்தினது எங்க வீட்டு மாடிப்படிதான்.
படி விளிம்புல முன்பாதத்தை மட்டும் வச்சு, குதிகாலை மெள்ள மெள்ளக் கீழ இறக்கணும். 15 தடவை, மூணு சுத்து. முட்டியை நீட்டி, அப்புறம் லேசா மடக்கி. காலைலயும் சாயங்காலமும், 12 வாரம். ஸ்வீடன் டாக்டர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-ல வெளியிட்ட முறை இது.
வலிக்கும்.
"லேசா வலிச்சா பயப்படாதீங்கண்ணா, மறுநாள் காலைல கூடியிருக்கான்னு மட்டும் பாருங்க"ன்னு பிசியோ தங்கச்சி சொல்லிக்கிட்டே இருக்கும்.

கடைசி கிலோமீட்டர்ல உப்புக் காத்து, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. புடவையும் கேன்வாஸ் ஷூவுமா ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனாங்க. திரும்பிப் பாத்து, "வாங்க தம்பி, வந்தாச்சு"ன்னாங்க.
தொண்டை அடைச்சிடுச்சு.

முன்ன ஓடின நேரத்தை விட ரொம்பவே அதிகம். பரவால்ல. முழுசா சந்தோஷமா இருக்கேன்.

குதிகால் வலியோட பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடுறவங்க யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இந்த வாரமே ஒரு பிசியோவைப் பாருங்க.
அடிபட்டு, ஆறி, திரும்ப ஓட வந்தவங்க இங்க யாரெல்லாம் இருக்கீங்க?