எட்டு அடிக்கு ஒரு அங்குலம்

உங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஒரு நிமிஷம் எடுங்கள். மார்க்கைப் பார்க்க வேண்டாம், பழைய காயம் எதற்கு? தமிழக அரசு முத்திரையை மட்டும் பாருங்கள். முன்னால் அசோகச் சிங்கங்கள், இரு பக்கமும் தேசியக் கொடி, பின்னால் ஒரு கோபுரம். அது எந்த ஊர்க் கோபுரம்?

ராஜபாளையத்தில் பிறந்த எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம்தான்!

ஆறாம் வகுப்பு லீவில் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து 'மாடல் கிளப்' ஆரம்பித்தோம். வாரச் சந்தா நாலணா. பொருளாளர் நான். (பின்னாளில் பி.காம். சேர்ந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது!) முதல் வேலையே அந்தக் கோபுரம்தான். நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா, காலி அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்து போட்டார். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார்.

"குத்துமதிப்பா செய்யக் கூடாது. கோபுரம் 192 அடி. எட்டு அடிக்கு ஒரு அங்குலம்னு வெச்சுக்குங்க. சரியா ரெண்டு அடி வரும்."

மைதாப் பசை, பிளேடு, விரலில் ரத்தம். பத்து நாளில் 11 நிலையும் எழும்பி நின்றது. சந்தா ரசீதில் குத்த முத்திரை வேண்டுமே? அழிரப்பரில் கோபுரத்தையே செதுக்கினோம். எழுத்தைச் செதுக்கினால் இடவலம் மாறி விழும். கோபுரத்துக்கு அந்த வம்பு இல்லை. "கவர்மென்ட்டுக்கே நம்ம கோபுரம்தானடா" என்று அப்பாவுக்கு ஏகப் பெருமை.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1949-ல் அரசு முத்திரையை வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ். தான் மாதிரியாக வைத்துக்கொண்டது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு 9 நிலை. எங்கள் கணக்கில் இரண்டு நிலை இடித்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்து டீக்கடையில் இதைச் சொல்லிவிட்டு முழு டம்ளர் டீ குடிக்க முடியாது.

டீக்கடையை விடுங்கள், அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பல வருஷம் தள்ளிப்போட்டேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ரேஷன் கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"முத்திரைக்குக் கீழே என்ன போட்டிருக்கு, வாசி."

"வாய்மையே வெல்லும்."

"வரைஞ்சவரே சொல்லிட்டார்னா அப்புறம் என்ன? அது மதுரைதான்." பீரோ மேல் தூசியோடு நிற்கும் அட்டைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அதை எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்."

"அளவு?"

"எட்டு அடிக்கு ஒரு அங்குலம்."

"அப்ப உங்க கிளப் முத்திரையில பொய் இல்லை" என்றவர், துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார், தூசி தட்டச் சொல்லி.