கண்மலர்

சின்னமனூரில் ஏறி தேனிக்குப் போகிற பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது அத்தை பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கண் தெரியாமல் போன பாண்டிய ராசா இங்கே வந்து தவம் இருந்தாராம். கௌமாரியம்மன் ஒரு கண்ணைக் கொடுத்தாள், பக்கத்துக் கோயில் கண்ணீஸ்வரமுடையார் இன்னொரு கண்ணைக் கொடுத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு அதில் ஒரே சந்தேகம்: ஒரு சாமியே ரெண்டையும் கொடுத்தால் என்ன? மூன்றரை மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போன அன்றைக்கு அந்தக் கேள்வி வரவில்லை. முதல் கண் வந்ததற்கும் ரெண்டாவது வந்ததற்கும் நடுவில் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

முதலில் பார்த்தது நான்தான். பிள்ளைக்கு நாற்பது நாள் இருக்கும். ராத்திரி கரண்ட் போய்விட்டது. ஈரத்துணி மாற்ற செல்போன் டார்ச்சைப் போட்டேன். இடது கண் பாப்பா கறுப்பாக இல்லை, நீர்மோர் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது. வெளிச்சத்தை நகர்த்தினேன், காணோம்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது சொன்னேன். எந்த இடம், யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். "முதல் பிள்ளையாம்மா?" என்று கேட்டுவிட்டு, "வளர வளர சரியாயிரும்" என்றார்கள். அதைக் கேட்கத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

அப்புறம் இடது கண் கொஞ்சம் உள்பக்கமாகப் போக ஆரம்பித்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றார் ஒருவர். தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு என்றார் இன்னொருவர். மாசமா இருந்தப்ப கிரகணத்தில வெளிய வந்தியாத்தா என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரம்மா. ஒரு கல்யாண வீட்டில் என் தம்பி ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை.

கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விழித்திரையில் ரத்த ஓட்டம் அதிகம். ஃப்ளாஷ் அதில் பட்டுத் திரும்புவதால்தான் போட்டோவில் கண் சிவக்கிறது. பிள்ளை ஓரமாகப் பார்க்கும்போது எடுத்தால் நல்ல கண்கூட சில சமயம் வெள்ளையாக விழும். புரை இருந்தாலும் வெள்ளை. உள்ளே கட்டி இருந்தாலும் வெள்ளை. இதையெல்லாம் அன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்கு செல்போனில் படித்தேன். 'கட்டி' என்ற இடத்துக்கு மேலே படிக்கவில்லை. மச்சானை எழுப்பினேன்.

தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1985இல் இருந்து இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 'தேனிக்குப் போயிட்டு வந்தேன்' என்று ஒரு பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு சொன்னால் எந்த இடம் என்று கேட்க வேண்டியதில்லை. வயசானவர்கள் வரிசையில் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தோம். சொட்டு மருந்து விட்டார்கள். இருட்டறையில் டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். அடுத்து இமை மேல் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஸ்கேன் நடந்த நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது.

"கட்டி எதுவும் இல்லம்மா. புரை."

புரை என்றால் கிழடுகளுக்கு வருவது என்று நினைத்திருந்த நான் அதைக் கேட்டு அழுதேன், நிம்மதியில். அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. பிறக்கும்போது மூளைக்குப் பார்க்கத் தெரியாதாம். கண் அனுப்பும் பிம்பத்தை வைத்துத்தான் கற்றுக்கொள்ளுமாம். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தால் மூளை மற்ற கண்ணை வைத்தே காலத்தை ஓட்டிவிடும், இதைக் கணக்கிலேயே எடுக்காது. அதனால் முதல் ஆறேழு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. எனக்குக் கணக்கு நன்றாக வரும். நாற்பது நாள் என்றால் ஐந்து வாரம் ஐந்து நாள்.

"சொந்தத்துல கட்டினதாலயா மேடம்?" என்று கேட்டேன். அத்தை என் அப்பாவின் அக்கா. மச்சான் அத்தை மகன். சொந்தத்தில் கட்டும்போது பரம்பரையாக வரும் கண் நோய்க்கு வாய்ப்புக் கூடும்தான், ஆனால் ஒற்றைக் கண் புரைக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது என்றார் டாக்டர். கிரகணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் அத்தை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாந்தான வந்து உன்னயப் பொண்ணு கேட்டேன். அண்ணைக்கிருந்து அதத்தான்டி நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். எதிர்வீட்டுக்காரம்மா என்னைக் கேட்ட மாதிரியே அவரையும் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ரெண்டு பேரும் தனித்தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கிறோம்.

ஆபரேஷனுக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை அரவிந்தை 1976இல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி, பிரசவம் பார்க்கிற டாக்டராகத்தான் ஆசைப்பட்டாராம். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனதால் கண்ணுக்கு வந்தார். அந்தக் கோணல் விரல்களால்தான் ஆயிரக்கணக்கான புரை ஆபரேஷன்களைச் செய்தார். பிள்ளையைத் தியேட்டருக்குள் வாங்கிக்கொண்டு போனபின் எனக்கு இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஆபரேஷன் சுலபம். அதன் பிறகுதான் எல்லாம். இவ்வளவு சின்னக் கண்ணில் லென்ஸ் வைக்கவில்லை, கண்ணாடி கொடுத்தார்கள். இடது பக்கம் கோலிக்குண்டு மாதிரி தடித்த கண்ணாடி, வலது பக்கம் வெறும் கண்ணாடி, தலையைச் சுற்றி எலாஸ்டிக். நல்ல கண்ணை தினமும் பிளாஸ்திரி போட்டு மறைக்க வேண்டும். வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம். நன்றாகத் தெரிகிற கண்ணைப் பெற்றவளே மூடுவது! முதல் வாரம் பிள்ளை பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்து மூச்சு முட்ட அழுதது. மச்சான் வாழைக்காட்டுக்குப் போய்விடுவார், பார்க்க முடியாமல். அத்தைதான் ரெண்டு கையையும் பிடித்துக்கொள்வார், நான் ஒட்டுவேன்.

பார்வை எவ்வளவு வரும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகும் என்றார்.

போன மாதம் செக்கப் முடிந்து திரும்பும்போது வீரபாண்டியில் இறங்கினோம். அத்தை வெள்ளிக் கண்மலர் வாங்கப் போனார். இடது கண்ணுக்கு மட்டும்தானே நேர்ந்தேன், ஒன்று போதும் என்று கடைக்காரரிடம் பேரம். "ஜோடியாத்தாம்மா வரும். ஒத்தக் கண்ணு விக்க மாட்டோம்" என்றார் அவர். அத்தை முனகிக்கொண்டே ரெண்டுக்கும் காசு கொடுத்தார். உண்டியலுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒன்றைப் பிள்ளையின் இடது கண்ணுக்கு நேரே பிடித்து ஆட்டினார். பிள்ளை கையை நீட்டியது. அது வெள்ளியைப் பார்த்தா, வளையல் சத்தம் கேட்டா என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. அத்தை வளையலை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி ஆட்டினார்.

பிளாஸ்திரி எடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.