குரங்குப் பெடலும் கொல்லிமலையும்

என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வம்பெல்லாம் அதனால்தான் ஆரம்பித்தது.

46 வயதில் மலையேறும் சைக்கிள் ஒன்று வாங்க ஆசை வந்தது. திருச்சியில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே காட்சி. சீட்டை அடிவரை இறக்குவார்கள். நான் ஏறி உட்கார்ந்தால் ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும். “பழகிடும் மேடம்” என்பார்கள். ஒரு கடைக்காரர், “லேடீஸ் மாடல் அந்தப் பக்கம்” என்று கூடை வைத்த சைக்கிள்களைக் காட்டினார்.

எனக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய காலம். கல் குவாரியில் வேலைபார்த்த என் அம்மாவும் 1992-ல் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்தது ஜென்ட்ஸ் சைக்கிள். பார் இருப்பதால் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அம்மாவுக்கு அதுவே பிடித்தும்போனது. பாரில் தம்பி, கேரியரில் தண்ணீர்க் குடம். பதிமூன்று வயதில் நான் அதே சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துப் பழகினேன். பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு ஓட்டுகிற அந்த வித்தை தெரியாத என் வயதுக்காரர்கள் குறைவு. கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளும் போச்சு, வித்தையும் போச்சு.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடை பாயிடம் புலம்பினேன். “ரெடிமேட் சேரலைன்னா துணி எடுத்துத் தைக்கிறதில்லையா? அதுமாதிரி ஒண்ணு கட்டிடலாம் தங்கச்சி” என்றார்.

நான்கு மாதம் ஆனது. முதலில் ஃபிரேம். பழைய அலுமினிய ஃபிரேம் ஒன்று, பதிமூன்றரை அங்குலம், சிறுவன் ஒருவன் வளர்ந்துவிட்டதால் விலைக்கு வந்தது. இப்போது எல்லாரும் 29 அங்குலச் சக்கரம் கேட்கிறார்கள். சின்ன ஃபிரேமில் அதைப் போட்டால் திருப்பும்போது கால் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும் என்று 27.5-ஐப் போட்டோம். பெடல் மாட்டும் கிராங்க் வழக்கமாக 170, 175 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். என் காலுக்கு 160. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் ரம்பத்தால் அறுத்தார் பாய். பிரேக் பிடியில் ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் பிடி விரலுக்குப் பக்கத்தில் வரும். இத்தனை வருஷம் எட்டி எட்டிப் பிடித்ததற்கு என் கைதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

முன்னால் 30 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 46 பல். அந்த கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினாலும் வண்டி ஒன்றரை மீட்டர்கூட நகராது. ஆமை வேகம்தான். ஆனால் மேடு ஏறிவிடும். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துக் கோட்டம் எடுத்த பாய், கடைசியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். பார்த்து மாட்டணும்.”

எனக்கா தெரியாது?

கொல்லிமலைக்குப் போவதென்று முடிவானது. 70 கொண்டை ஊசி வளைவுகள். பெடல்களையும் முன்சக்கரத்தையும் கழற்றி ஆம்னியில் சைக்கிளைப் படுக்கவைத்து, விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, அம்மா முன்சீட்டில் ஃபிளாஸ்க்கோடு. முசிறி, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டி அடிவாரம் காரவள்ளியில் இறங்கியபோது ஆறு மணி. குளிர், அவசரம். இடது பெடலை மாட்டும்போது லேசாக முரண்டு பிடித்தது. ஸ்பேனரால் அழுத்தித் திருகிவிட்டேன்.

முதல் இருபது வளைவுகள் சுகம். முப்பதில் மூச்சு வாங்கியது. குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன, பழைய பாக்கி ஏதோ இருப்பதுபோல. 43-வது வளைவில் காலடியில் ஏதோ ஆடியது. அடுத்த மிதியில் இடது பெடல் கையோடு கழன்று வந்தது. பெடல் அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். கோணலாக ஏற்றியதில் இரும்பு அலுமினிய மரையை முழுசாகத் தின்றிருந்தது. பாய் சொன்ன ஒரே விஷயம்.

சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். கணவர் வண்டியை ஓரங்கட்டினார். “விடு, ஏத்திடலாம். அடுத்த மாசம் வரலாம்.” நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அந்த ‘அடுத்த மாசம்’ பிடிக்கவில்லை. இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது.

அம்மா இறங்கி வந்து பெடலை வாங்கிப் பார்த்தார். “சக்கரம் சுத்துதுல்ல?”

“சுத்துது.”

“அப்புறம் என்ன? குவாரி மேட்டுல செயின் அறுந்து எத்தனை நாள் தள்ளிக்கிட்டு வந்திருக்கேன். தள்ளு.”

தள்ளினேன். மிச்சம் 27 வளைவுகள். அம்மா இரண்டு வளைவு கூட நடப்பார், ஆம்னியில் ஏறிக்கொள்வார், மறுபடி இறங்கி வருவார். “அத்தை, முட்டி வலிக்கப்போகுது” என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார் என் கணவர். இருவரும் பேசவேயில்லை. ஒரு வளைவில் மட்டும், பேச்சோடு பேச்சாக இல்லாமல் திடீரென்று சொன்னார்: “உன்னைக் கட்டிக்கொடுத்தப்ப அந்த சைக்கிளைக் குடுத்தனுப்பியிருக்கணும். வித்து பீரோ வாங்குனோம்.”

அந்த பீரோ இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சோளக்காட்டில் டீக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தியபோது பத்தரை மணி. நான் டீயைக் கையில் வாங்கும்போது அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார். 64 வயது. என்னைவிட அரை அங்குலம் குறைவு. சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டார், கொஞ்ச நேரம்.

“அம்மா, பெடல் இல்லைம்மா.”

“இறக்கம்தானேடி.”

கடைக்கும் எதிரே இருந்த களத்துக்கும் நடுவே முப்பதடி சரிவு. என் கணவர் டம்ளரோடு ஓடுவதற்குள் அம்மா காலை உந்திப் புறப்பட்டுவிட்டார். ஒரு கால் வலது பெடலில், இன்னொன்று காற்றில். களத்தின் ஓரத்தில் பிரேக் பிடித்து, இறங்காமலேயே திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“இவ்வளவு செலவு பண்ணியிருக்க, பெல் எங்கடி?”