கண்டி மலையில் ஒரு பழங்கடல்

கண்டி என்றதும் தலதா மாளிகையும், ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னன் 1807 ஆம் ஆண்டளவில் அமைத்த வாவியும், பெரஹரா ஊர்வலமுமே நம்மவர் நினைவுக்கு வருவன. அவற்றைக் கண்டு, பேராதனைப் பூங்காவில் ஒரு பொழுது உலாவி, ஊர் திரும்புவோர் பலர். அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகள் எவ்வாறு உண்டாயின, அவை எத்தகைய கல்லாலானவை என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு, அண்மையில் எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் இருபதின்மருடன் நாம் ஒரு நாட் பயணம் மேற்கொண்டோம். பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் கற்பித்த அறிஞர் ஒருவர் அன்புகூர்ந்து வழிகாட்டியாக வந்தார். கையில் சுத்தியல், கழுத்தில் உருப்பெருக்குக் கண்ணாடி, சட்டைப்பையில் ஐதான அமிலம் அடங்கிய சிறு குப்பி: இவையே அவருடைய கருவிகள்.

சேறு கல்லான கதை

பேராதனையிலிருந்து ஹந்தானை மலைப்பக்கம் செல்லும் பாதையோரம், மேடு ஒன்று வெட்டப்பட்டிருந்த இடத்தில் வண்டி முதலில் நின்றது. வெட்டிய முகத்தில் வெண்மையும் கருமையுமான பட்டைகள், மடித்து வைத்த சேலையின் கரையைப் போல வளைந்து வளைந்து சென்றன. இடையிடையே மாதுளை முத்தையொத்த சிவந்த கார்னெற் மணிகள் பதிந்திருந்தன. “இவை இங்கே பிறந்தவை அல்ல; கடலடியிற் கிடந்த சேறு பட்ட பாட்டின் வடுக்கள்” என்று வழிகாட்டி தொடங்கினார்.

இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறையாலானது. ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்று மலைநாடாக விளங்கும் பகுதியின் பாறைகளிற் பல, ஒரு கடற்படுகையில் மணலாகவும் களியாகவும் சுண்ணாம்புச் சேறாகவும் அடைந்து கிடந்தன. பின்னர், 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துண்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாயிற்று. அந்த நெருக்கத்தில் அப்படுகை 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுக்கப்பட்டது. அங்கே வெப்பம் 800 பாகை சதமளவையும் எட்டியது. மணல் படிகக்கல்லாயிற்று, களி கார்னெற் பதித்த பட்டைப்பாறையாயிற்று, சுண்ணாம்புச் சேறு சலவைக்கல்லாயிற்று. நிலத்தினடியிலிருந்து எழுந்த தீக்குழம்பு உறைந்து உண்டான பாறைகளும் இவற்றிடையே உள்ளன. மேலிருந்த சுமையை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்தகற்றவே, ஆழத்திற் கிடந்தவை மலைகளாக வெளிப்பட்டன.

இவற்றின் உடன்பிறப்புகளை நாகர்கோவிற் பக்கத்திலும், கேரளத்திலும், மடகஸ்காரிலும், பனிமூடிய அந்தாட்டிக்காவிலும் காணலாம் என்று அறிந்தபோது மாணவர் வியந்தனர்.

திகனையிற் கண்டவை

கட்டுகஸ்தோட்டை வழியாகப் பொல்கொல்லையை அடைந்தோம். கண்டி நகரை மூன்று புறமும் வளைத்தோடும் மகாவலியை இங்கே ஓர் அணை மறித்து, நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக உக்குவளைக்குத் திருப்புகிறது. 1976 இல் வேலை முடிந்த இவ்வணையின் பின்னே வண்டல் ஓயாது சேர்ந்து வருகிறது. கரையிலே ஒரு பிடி மணலை அள்ளிக் கண்ணாடியின் கீழ் வைத்தார் வழிகாட்டி. வெண்படிகங்களுக்கிடையே, காலையிற் கண்ட அதே சிவந்த கார்னெற்றின் துணுக்குகள் மின்னின. “மலை மறுபடியும் கடலுக்குப் புறப்பட்டுவிட்டது” என்றார் அவர்.

குண்டசாலையைக் கடந்து திகனையை நெருங்கியதும் நிலத்தின் தோற்றம் மாறிற்று. சலவைக்கல் நீரிற் கரையும் இயல்பினது. ஆகவே அது பள்ளத்தாக்காகத் தாழ, வலிய பட்டைப்பாறைகள் மேடாக நிற்கின்றன. இப்பகுதியில் அக்கல்லை வெட்டிச் சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பாக்குகின்றனர். தொலமைற் என்னும் வகையைப் பொடித்துத் தேயிலை நிலங்களின் புளிப்பைத் தணிக்க இடுகின்றனர். குப்பியிலிருந்த அமிலத்தில் ஒரு துளி விட்டதும் ஒரு கல் நுரைத்துப் பொங்கிற்று; மற்றொன்று அசையாதிருந்தது. அதனைக் கத்தியாற் சுரண்டி, பொடியின்மீது மீண்டும் விட்டபோது மெல்ல நுரைத்தது. முன்னது கல்சைற்று, பின்னது தொலமைற்று.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், “ஐயா, எங்கள் ஊர்ச் சுண்ணக்கல்லில் சிப்பியின் அடையாளம் உண்டு. இதில் ஏன் இல்லை?” என்று கேட்டான். நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்துக் கல் மயோசீன் காலத்தது. புவியின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றுத் தோன்றியது எனலாம். திகனைக் கல்லோ, ஓடுடைய உயிர் எதுவும் தோன்றுமுன்னரே படிந்தது. அதன்மேல், நிலத்தடி வெப்பத்தில் உருமாறவும் செய்தது. ஆயினும் அக்கல்லில் ஆங்காங்கே காணப்படும் கரிய காரீயத் துகள்கள், அக்காலத்து நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற கரியிலிருந்து வந்தவை என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

திகனைக்கு அயலிலுள்ள அம்பகோட்டையின் பெயர் உலகக் கனிப்பொருளியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதைத் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும். அங்குள்ள கங்கபிட்டியில், சுண்ணக்கல்லும் வேறு பாறையும் சந்திக்கும் இடத்தில் கிடைத்த நீலநிறக் கனிப்பொருளைப் புதியதென்று 1903 இல் உலகுக்கு அறிவித்தோர் இருவர். ஒருவர் பிரையர் என்னும் ஆங்கிலேயர். மற்றவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்தக் குமாரசுவாமி. இலங்கையின் பழம் பெயராகிய செரண்டிப் என்பதைக் கொண்டு அதற்குச் செரண்டிபைற் எனப் பெயரிட்டனர். கலைத்தத்துவ ஞானியாக நாம் போற்றும் குமாரசுவாமி, இந்நாட்டுக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராய் மலைநாடெங்கும் கல் தேடி நடந்தவர் என்பது பலர் அறியாதது.

சாய்வில் வாழும் மக்கள்

1985 இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணையைப் பார்த்துவிட்டு, தெல்தெனியாவைத் தாண்டி ஹுன்னஸ்கிரியாப் பக்கம் ஏறினோம். வழியோரச் சரிவொன்றில் வழிகாட்டி சுத்தியலை வைத்துவிட்டு விரலாற் பாறையைத் தொட்டார். அது மாவாய் உதிர்ந்தது. பட்டைகள் அப்படியே தெரிந்தன. கல்லின் வலிமை மட்டும் இல்லை. வெயிலும் மழையும் பாறையை இருந்தபடியே மண்ணாக்கிவிடுகின்றன. பெருமழையில் அம்மண் நீரைக் குடித்துக் கனத்து, கீழேயுள்ள உறுதியான பாறையின் சாய்வில் வழுக்கி இறங்குவதே மண்சரிவு.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுட் புதைந்ததை யார் மறப்பர்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையால் நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று.

தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தயங்கியவாறு, “எங்கள் லயத்துக்குப் பின்னாலும் நிலத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது, ஐயா” என்றாள். அதுவரை எல்லோருக்கும் பொதுவாகப் பேசிய அறிஞர் அவள் பக்கம் திரும்பினார். வெடிப்பு அகன்று வருகிறதா? மரங்களோ கம்பங்களோ சாய்ந்துள்ளனவா? கதவுகள் திடீரென இறுகினவா? ஊற்றுநீர் கலங்கி வருகிறதா, அல்லது புதிய இடத்திற் பீறிடுகிறதா? ஒவ்வொன்றாக வினவி, அவள் விடைகளைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கையும் எல்லோருக்கும் விளக்கினார். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 ஐக் கடந்தால் இடத்தை விட்டு நீங்கிவிடுதல் வேண்டும். அன்று மாலையே அவளுடைய தந்தையார் கிராம சேவகரிடம் கொடுப்பதற்கு விண்ணப்பம் ஒன்றை எழுதி அனுப்பினோம்.

கல்லைப் பற்றிய கல்வி பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. சேறு கல்லாகி, கல் மலையாகி, மலை மீண்டும் சேறாகும் இந்தச் சுழற்சியின் நடுவிலேதான் நம் மக்கள் வீடு கட்டியிருக்கின்றனர். அடுத்த முறை கண்டிக்குச் செல்லும் பெற்றோர், வாவியைக் காட்டியபின் பாதையோரப் பாறை ஒன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. மலையகத்துப் பிள்ளைகளோ, தம் வீட்டின் பின்னுள்ள சரிவை மழைக்கு முன்னரே ஒருமுறை சுற்றிப் பார்த்து, கண்டதைப் பெரியோரிடம் சொல்லுவாராக.