ஓட்டுப் போட்ட மறுநாள்

விரலில் மை வைத்துக்கொண்டு வந்ததும் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். ஓட்டு பெரிய உரிமைதான். ஆனால் யார் ஆள்வது என்ற ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை என்பதை அது தீர்மானிக்காது. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல 2013-இல் நோட்டா வந்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

மீதிக் கேள்விகளுக்கு இடம் கிராம சபை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அதை அரசியல் சட்டத்திலேயே ஏற்றிவிட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடிவந்த சபைக்குப் பின்னால் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. நம்மில் பலர் அங்கே போவதோ, நோட்டில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பத்தான்.

போய் உட்கார்ந்தாலும், கைகளை எண்ணி முடிவெடுத்தால் போதாது. பக்கத்து ஊர்க் கூட்டமொன்றில் குடிநீர்ப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று பேச்சு வந்தது. பெரிய தெருக்காரர்களே அதிகம். கை தூக்கச் சொன்னால் அவர்கள் பக்கம்தான் சாயும். காலனியிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்தார். "எண்ணுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்கய்யா. உங்க தெருவுல ஆறு மணிக்குத் தண்ணி வருது. எங்க குழாயில ஒன்பதரைக்கு நூல் மாதிரி வடியுது. அதுக்குள்ள நாங்க வேலைக்குப் போயிருவோம்."

அதன்பிறகு யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, எந்த வால்வு முதலில் திறக்கிறது என்று விசாரித்தார்கள். காலனிக்குத் தனி லைன் என்று தீர்மானம் எழுதினார்கள்.

இருபது வீடு இருநூறு வீட்டை ஓட்டில் என்றைக்கும் ஜெயிக்காது. தண்ணீர், பாதை, சுடுகாடு இதெல்லாம் பெரும்பான்மை பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை. அடிப்படை உரிமைகளை அரசியல் சட்டம் தலைக்கணக்குக்கு எட்டாத உயரத்தில் வைத்ததும் இதனால்தான்.

பிள்ளைகளே, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். கையெழுத்துப் போடுமுன் தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். உங்கள் தெருவுக்கு வேண்டியதைக் கேட்ட கையோடு, கடைக்கோடித் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்றும் கேளுங்கள்.