பெரியம்மாவின் டிரங்குப் பெட்டி

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழும் நம்மவர்க்கு மாமன் மகளை மணப்பது புதுமையன்று. தமிழ்நாட்டுப் பெண்களுள் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தவர் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. நானும் அக்கூட்டத்தினனே.

என் இல்லாள் கருவுற்றதும், கைராசிக்காரர் எனப் பெயர்பெற்ற ஒரு டாக்டரிடம் சென்றோம். "சொந்தத்தில் கட்டினீர்களா? அப்படியானால் பிள்ளை குறையோடுதான் பிறக்கும்" என்று கூறிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அன்றிரவு அவள் உறங்கவில்லை. அவர் பிரசவம் பார்ப்பதில் வல்லவர்தாம். ஆனால் பரம்பரை நோய்களைப் பற்றிப் பேசுவதற்கும் தனியே ஒரு படிப்பு வேண்டும் போலும்.

பின்னர்க் கொல்கத்தாவில், சிக்கலான கர்ப்பங்களைக் கவனிப்பதற்கென்றே மேற்பயிற்சி பெற்று, அதில் மரபணுவியலும் கற்ற டாக்டரம்மா ஒருவரைக் கண்டோம். அவர் ஸ்கேன் கருவியைத் தொடுமுன் பென்சிலை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவில் மணந்தோர்க்கிடையே இரட்டைக் கோடு என மூன்று தலைமுறைகளை வரைந்தார். யார்டு வரைபடங்களோடு காலம் தள்ளும் குமாஸ்தாவாகிய எனக்கு அது எளிதில் விளங்கிற்று.

"சிசுவிலேயே இறந்தவர் உண்டா?" என்று கேட்டார். என் தாயின் தமக்கைக்கு இரு குழந்தைகள் ஆண்டு நிறையுமுன் தவறியிருந்தன. என்ன நோயென்று வீட்டில் எவரும் பேசியதில்லை.

"நோயின் பெயர் தெரிந்தால்தான் அதைத் தேட இயலும். கேட்டு வாருங்கள்" என்றார்.

ஊரைவிட்டு வந்த நமக்கு இடர் இங்கேதான். கேட்கவேண்டிய செய்திகளெல்லாம் ஊர்ப் பெரியவர்களின் நெஞ்சிலும் பரண்மேலும் கிடக்கின்றன. தொலைபேசியில் பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள், டிரங்குப் பெட்டியில் அவர் காத்துவந்த 1998ஆம் ஆண்டு மருத்துவமனைச் சீட்டைத் தம்பி படமெடுத்து அனுப்பினான். அதில் 'வெர்ட்னிக்-ஹாஃப்மன்' என்றிருந்தது.

முதுகுத் தண்டுவடத் தசைநலிவின் கடுமையான வகைக்கு அது பழைய பெயர் என்று டாக்டரம்மா உடனே கண்டுகொண்டார். பிறகு கணக்கிட்டுக் காட்டினார். பெரியம்மா பழுதுற்ற மரபணுவைச் சுமப்பவர். உடன்பிறந்த என் தாயிடமும் மாமாவிடமும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. எனக்கும் இல்லாளுக்கும் நான்கில் ஒன்று. இருவரும் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒன்று. ஆக 64இல் 1. எந்தத் தம்பதியர்க்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதேனும் குறையுடன் பிறப்பதுண்டு. மாமன் மகளை மணந்தால் மேலும் இரண்டு மூன்று கூடலாம் என்பதையும் மறைக்கவில்லை. பொய்யான ஆறுதலைவிட அந்த எண்கள் எங்களுக்குத் தெம்பளித்தன.

இருவர் இரத்தமும் சோதிக்கப்பட்டது. அவளிடம் அம்மரபணு இருந்தது, என்னிடம் காணப்படவில்லை. இனி இந்நோய்க்கு வாய்ப்பு மிக மிகச் சொற்பம் என்றார். பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் தேவையும் அகன்றது.

"உங்கள் மனைவிக்கு உடன்பிறந்தோர் உண்டா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. மைத்துனனுக்குத் தை மாதம் திருமணம், பெண்ணும் உறவுதான். அந்த வரைபடத்தின் படியொன்றை மாமாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.